‘இந்த சீசனில் இதுதான்’ என்பதை எப்படிப் படிப்பது?

கேள்வி இது: “எனக்கும் ஃபேஷன் உலகத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதழ்களும் ரீல்ஸும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘இது வந்துவிட்டது, அது போய்விட்டது’ என்கின்றன. இதை யார் முடிவு செய்கிறார்கள்? என்னைப் போன்ற வெளியாள் இதில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம்?”

ட்ரெண்ட் செய்தி என்று நீங்கள் படிப்பது பெரும்பாலும் சரக்கு அறிவிப்பு. சாயம் போட்டு, நெய்து, தைத்து, கிடங்குக்கு வந்துகொண்டிருக்கும் துணியைப் பற்றியது அது. உங்கள் உடம்பையோ அலமாரியையோ பார்த்து யாரும் எழுதவில்லை. இதைப் புரிந்துகொண்டு படித்தால் அதே செய்தியிலிருந்து நிறையப் பயன் எடுக்கலாம்.

ஒரு பழுப்பு நிறக் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். குளிர்காலத்துக்காக அக்டோபரில் கடையில் தொங்கும் அந்தக் கோட்டு, அதே ஆண்டு பிப்ரவரி, மார்ச்சிலேயே ராம்ப்பில் நடந்துவிட்டது. நியூயார்க், லண்டன், மிலான், பாரிஸ் என்ற வரிசையில் நடக்கும் ஃபேஷன் வாரங்கள் எப்போதும் அரை ஆண்டு முந்தியே ஓடுகின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் நடப்பவை அந்த ஆண்டு இறுதியில் தொடங்கும் குளிர்காலத்துக்கு, செப்டம்பர், அக்டோபரில் நடப்பவை அடுத்த ஆண்டுக் கோடைக்கு. ராம்ப்புக்குப் போன கோட்டின் துணியை வடிவமைப்பாளர் அதற்கும் சில மாதம் முன்பு, பாரிஸில் கூடும் பிரமியர் விஷன் போன்ற துணிச் சந்தையில் தேர்ந்தெடுத்திருப்பார். பின்னலாடை என்றால் ஃபிளாரன்ஸில் நடக்கும் பிட்டி ஃபிலாட்டி நூல் சந்தையில் நிறம் அதற்கும் முன்பே முடிவாகியிருக்கும். நூல் ஆலைக்கு நிறம் சொல்ல இன்னொரு கூட்டம் இருக்கிறது: 1963இல் தொடங்கிய இன்டர்கலர் என்ற பன்னாட்டுக் குழு, 1998இல் லண்டனில் தொடங்கிய டபிள்யூஜிஎஸ்என் போன்ற, ட்ரெண்ட் கணிப்புகளைச் சந்தாவுக்கு விற்கும் நிறுவனங்கள். இவர்கள் பேசுவதே சுமார் இரண்டு ஆண்டு கழித்து வரும் சீசனைப் பற்றித்தான்.

ஆகவே “இனி பழுப்புதான்” என்று ஓர் இதழ் எழுதும்போது பழுப்புச் சாயம் எப்போதோ காய்ந்துவிட்டது. நிறங்களைத் தரப்படுத்தும் பான்டோன் நிறுவனம் 2000ஆம் ஆண்டுக்கான செருலியன் நீலத்தில் தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் ஒரு ‘ஆண்டின் நிற’த்தை அறிவிக்கிறது. 2025க்கு மோக்கா மூஸ் என்ற இளம் பழுப்பு. அறிவிப்பு முந்தைய டிசம்பரில் வருகிறது. வரப்போகும் கோடைக்கான துணிகளின் நிறத்தேர்வு அதற்கு வெகு முன்பே முடிந்திருக்கும். அறிவிப்பால் ஒரு நிறம் பிறப்பதில்லை. புழக்கத்துக்கு வந்துகொண்டிருக்கும் நிறத்துக்கு ஒரு பெயரும் ஒரு தேதியும் கிடைக்கின்றன.

அப்படியானால் எங்கோ ஓர் அறையில் நாலு பேர் உட்கார்ந்து எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார்களா? இந்தச் சந்தேகம் பலருக்கு உண்டு. இதற்கு நல்ல விடை தந்தவர் ஃபேஷனுக்கு முற்றிலும் வெளியாள், அமெரிக்கச் சமூகவியலாளர் ஹெர்பர்ட் புளூமர். பாரிஸின் பெரிய உடை நிறுவனங்களில் மொத்தக் கொள்முதல்காரர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து கவனித்து 1969இல் எழுதினார். ஒரு காட்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட உடைகள். வாங்க வந்தவர்களும் நூறு பேருக்கு மேல். ஒருவர் தேர்வை மற்றவருக்குச் சொல்வதில்லை, போட்டியாளர்கள் ஆயிற்றே. இருந்தும் கடைசியில் பெரும்பாலோர் போய் நிற்பது ஏறக்குறைய ஆறு முதல் எட்டு உடைகளில். ஏன் என்று கேட்டபோது அவர்களால் “இது பிரமாதமாக இருக்கிறது” என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை. எல்லோரும் அதே இதழ்களைப் படிக்கிறார்கள், அதே கடைகளைப் பார்க்கிறார்கள், ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் ரசனை ஒரே திசையில் பழகிவிடுகிறது என்பது புளூமரின் விளக்கம். எல்லா இதழ்களும் ஒரே நேரத்தில் ஒரே சங்கதியை எழுதுவதற்கும் இதுவே போதுமான காரணம். சதி தேவையில்லை. ஒரே அறையில் புழங்கும் கண்கள் ஒரே இடத்தில் போய் விழுகின்றன. பத்து இதழ்கள் ஒன்றைச் சொன்னால் பத்துச் சாட்சி என்று எண்ணாதீர்கள், ஒரு சாட்சி என்றே வையுங்கள்.

இனி, அச்சிட்ட பக்கம் எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம். அமெரிக்க வோக்கின் 2012 செப்டம்பர் இதழ் 916 பக்கம். அதில் 658 பக்கம் விளம்பரம். செப்டம்பர் இதழ் தடிப்பதற்குக் காரணம் குளிர்காலச் சரக்கு அப்போதுதான் கடைக்கு வருகிறது என்பதே. விளம்பரம் இல்லாத பக்கங்களிலும் உடையின் பக்கத்தில் பொடி எழுத்தில் நிறுவனப் பெயர் இருக்கும். எந்த நிறுவனத்துக்கு எத்தனை முறை அந்த வரி கிடைக்கிறது என்பதை விளம்பரதாரர்கள் எண்ணிப் பார்க்கிறார்கள். ஆசிரியர் குழுவுக்கும் அது தெரியும். நீங்களும் எண்ணலாம். இதழின் முதல் நாற்பது பக்க விளம்பரங்களில் உள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதி, பிறகு ‘ஆசிரியர் தேர்வு’ பக்கங்களில் அதே பெயர்கள் எத்தனை முறை வருகின்றன என்று கோடு போட்டுக்கொண்டே போங்கள். இரண்டு இதழ்களுக்கு இதைச் செய்தாலே போதும், எந்தப் பரிந்துரை கண்ணால் தேர்ந்தது, எது கணக்கால் வந்தது என்று பிரிக்கத் தெரிந்துவிடும்.

படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். படப்பிடிப்புக்கு வரும் உடை பெரும்பாலும் ஒரே ஒரு மாதிரிப் பிரதி. உயரமான, மெலிந்த மாடலுக்கு வெட்டியது. பல நாடுகளின் இதழ்களுக்கு அதே பிரதி சுற்றி வரும், திருப்பித் தரவேண்டிய பொருள். அதனால்தான் ஷூவின் அடியில் தேய்மானம் தெரியாமலிருக்க டேப் ஒட்டுகிறார்கள். உடை தொளதொளவென்றிருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துவிடுகிறார்கள். இதில் ஏமாற்று என்று கோபப்பட ஒன்றுமில்லை. படம் எடுக்கும் தொழில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் அந்தப் பொருத்தம் துணியினுடையது என்று நம்பி வாங்கினால்தான் நஷ்டம். மாடலின் பின்பக்கம் காட்டப்படவே இல்லையென்றால் கிளிப் இருக்க வாய்ப்பு அதிகம். கை இடுப்பில் இருந்தால் இடுப்பு வெட்டு எங்கே விழுகிறது என்று தெரியாது. மாடல் உட்கார்ந்தோ குதித்தோ இருந்தால் நீளம் தெரியாது. தோள் தையல் எங்கே முடிகிறது, பக்கத் தையல் நேராக இறங்குகிறதா, முன்பக்கம் குறுக்காக இழுப்புக் கோடுகள் உண்டா என்ற மூன்றும் தெரிந்தால்தான் அந்தப் படம் உங்களுக்கு ஏதாவது சொல்கிறது. தெரியாவிட்டால் நல்ல படம் என்று ரசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புங்கள்.

படத்துக்குக் கீழே உள்ள வாக்கியத்தைத் தனியாகப் படிக்கக் கற்றுத்தந்தவரும் ஒரு வெளியாள்தான். பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த், 1958 ஜூன் முதல் 1959 ஜூன் வரை வெளிவந்த இரண்டு பிரெஞ்சு இதழ்களை முதன்மையாக வைத்துக்கொண்டு, துணியை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் ஆராய்ந்தார். படத்தில் நூறு விவரம் இருக்கும். வாக்கியம் அதில் ஒன்றைப் பிடித்து ‘இந்த காலர்தான் எல்லாமே’ என்னும். அந்தக் கணத்திலிருந்து கண் காலரைத் தவிர வேறெதையும் பார்க்காது. அவர் முறையை வீட்டிலேயே செய்துபார்க்கலாம். ஒரு ட்ரெண்ட் கட்டுரையை எடுத்து ‘கட்டாயம்’, ‘தவிர்க்க முடியாத’, ‘காலத்தால் அழியாத’, ‘புத்துணர்ச்சியான’ போன்ற சொற்களை எல்லாம் பென்சிலால் அடியுங்கள். நார் வகை, நெசவு, வெட்டு, நீளம், அகலம், நிறம் ஆகியவற்றைச் சொல்லும் சொற்களை மட்டும் அடிக்காமல் விட்டுவையுங்கள். அரைப் பக்கக் கட்டுரையில் ஐந்தாறு சொல் மிஞ்சினால் அது நல்ல கட்டுரை. அந்தச் சொற்கள்தான் செய்தி. ஒன்றுமே மிஞ்சாத கட்டுரைகள் ஏராளம், அவற்றை முழுசாகப் படிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

கைப்பேசியில் நிலைமை வேறு. அங்கே உடைக்கு முன்பே பெயர் வந்துவிடுகிறது. 2022இல் கோஸ்டல் கிராண்ட்மதர் (கடலோரப் பாட்டி பாணி), பார்பிகோர் (பார்பி பொம்மையின் பிங்க்), 2023இல் குவைட் லக்ஷுரி (அலங்காரமற்ற, விலையுயர்ந்த எளிமை), 2024 ஜனவரியில் மாப் வைஃப் (மாஃபியாக்காரர் மனைவியின் பகட்டு) என்று பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் சில வாரமோ சில மாதமோ. பெயருக்குள் இருக்கும் உடைகள் புதிதாக வெட்டப்பட்டவையும் இல்லை. ஏற்கெனவே கடையில் இருப்பவற்றைக் கூட்டிக் கட்டி ஒரு தேடல் சொல் ஒட்டப்படுகிறது. தேடல் சொல் ஓடினால் வேகமாகத் தைக்கும் நிறுவனங்கள் நூறு, இருநூறு பிரதிகள் மட்டும் தைத்து இணையத்தில் போட்டுப் பார்த்து, நகர்வதை மட்டும் பெருக்குகின்றன. இங்கே பெயர் தேவையை அளந்து பார்க்கும் கருவி. நீங்கள் அந்தப் பெயரைத் தேடுவதே அவர்களுக்கு ஓர் அளவு.

பணம் எந்த வழியில் வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2015 மார்ச்சில் ஒரே வார இறுதியில் அமெரிக்காவில் 50 இன்ஃப்ளூயன்சர்கள் ஒரே பெய்ஸ்லி (மாங்காய் வடிவ) அச்சு உடையை அணிந்து இன்ஸ்டாகிராமில் படம் போட்டார்கள். உடை விற்றுத் தீர்ந்தது. அவர்களுக்கு உடையை இலவசமாகத் தந்து, ஆளுக்கு 1,000 முதல் 4,000 டாலர் வரை கொடுத்தது லார்ட் அண்ட் டெய்லர் என்ற கடை நிறுவனம். அது விளம்பரம் என்று பதிவுகளில் சொல்லப்படவில்லை. கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குப் பதிந்து 2016இல் சமரச உத்தரவுடன் முடித்தது. 2023இல் திருத்திய வழிகாட்டியில் அதே ஆணையம், பணம் பெற்ற செய்தி பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பவே முடியாதபடி இருக்க வேண்டும் என்கிறது. விதி ஓரிடத்தில் இருந்தாலும் எல்லா இடத்திலும் கடைப்பிடிக்கப்படுவதில்லை. எனவே அடையாளங்களை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே பொருள் தொடர்பில்லாத பல கணக்குகளில் ஓரிரு நாளுக்குள் தோன்றுவது, தள்ளுபடிக் குறியீடு, கடைக்கு நேரே போகாமல் இடையில் வேறொரு முகவரி வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பு, ‘முதல் பார்வை’ மட்டும் காட்டிவிட்டு ஒரு முறை துவைத்த பிறகு எப்படி இருக்கிறது என்று காட்டாமலே விடுவது, இவை எல்லாம் பணத்தின் தடங்கள். இணைப்பு வழியே நீங்கள் வாங்கினால் பதிவருக்குத் தரகு போகும். அதில் தவறில்லை, சொல்லிவிட்டுச் செய்தால். நல்ல பதிவரைக் கண்டுபிடிக்க எளிய வழி: அவர் ஆறு மாதம் முன்பு புகழ்ந்த உடை, அதற்குப் பிறகு அவர் படங்களில் எங்காவது தென்படுகிறதா என்று பாருங்கள். மீண்டும் மீண்டும் அணிகிறவர் சொல்லைக் கேட்கலாம்.

இவ்வளவு தூரம் சொன்னது எதை விடலாம் என்பது. எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு மூன்றாவது வெளியாள் ஒருவர் உதவுவார். மானுடவியலாளர் ஆல்பிரட் குரோபர், பழைய ஃபேஷன் இதழ்களின் படத்தட்டுகளை எடுத்து, பெண்களின் மாலை விருந்து உடையை அளவுகோலால் அளந்தார். 1844 முதல் 1919 வரையான படங்களை வைத்து 1919இல் முதல் கட்டுரை. பிறகு ஜேன் ரிச்சர்ட்சனோடு சேர்ந்து 1605 முதல் 1936 வரை நீட்டி 1940இல் வெளியிட்டார். ஆறே அளவுகள்: பாவாடையின் நீளம், அகலம், இடுப்பின் உயரம், இடுப்பின் அகலம், கழுத்து வெட்டின் ஆழம், அகலம். ஆண்டுக்கு ஆண்டு அமளியாகத் தெரிந்தது அளவுகோலில் மெல்லிய அலையாக வந்தது. பாவாடை அகலம் ஒரு உச்சத்திலிருந்து சுருங்கி மீண்டும் உச்சத்துக்கு வர ஏறக்குறைய நூறு ஆண்டு. அரசர்கள் மாறினார்கள், இதழாசிரியர்கள் மாறினார்கள், அலை தன் போக்கில் போனது.

இதிலிருந்து வெளியாள் எடுத்துக்கொள்ள வேண்டியது வேகங்களைப் பிரிக்கும் பழக்கம். ஆடையின் உருவம், அதாவது தோளின் அகலம், இடுப்பு எங்கே உட்காருகிறது, கால் எவ்வளவு அகலம் என்பவை பத்தாண்டுக் கணக்கில் நகர்கின்றன. ஒட்டிய ஜீன்ஸ் 2000களின் நடுவில் பரவி, 2010களின் கடைசி வரை தாக்குப்பிடித்தது. அதன் பிறகு வந்த அகலக் கால் இன்னும் போகவில்லை. காலர், பாக்கெட், பட்டன் போன்ற விவரங்கள் சில ஆண்டு. நிறமும் அச்சும் ஓரிரு சீசன். பெயர்கள் வாரக்கணக்கு. மெதுவாக நகர்வதில் பணத்தையும் கவனத்தையும் போடுங்கள், வேகமானதை ஒரு துண்டு, ஒரு பெல்ட், ஒரு பை என்ற அளவில் நிறுத்துங்கள். இதழ்கள் இந்த நான்கையும் ஒரே குரலில், ஒரே அவசரத்தோடு சொல்வதுதான் அவற்றின் மிகப்பெரிய குறை என்பேன். பாவாடை ஏறினால் பொருளாதாரம் ஏறும் என்ற பழைய பேச்சையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2010இல் ராட்டர்டாமின் எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 1921 முதல் 2009 வரையான தரவை ஒப்பிட்டார்கள். தொடர்பு இருந்தது, ஆனால் திசை தலைகீழ்: பொருளாதாரம் முதலில் மாறுகிறது, பாவாடை சுமார் மூன்று ஆண்டு பின்தங்கி வருகிறது. துணியைப் பார்த்து எதிர்காலத்தைச் சொல்வோரை நம்ப வேண்டியதில்லை.

அளக்கும் பழக்கம் கடையில் நேரடியாக உதவும். உங்களிடம் நன்றாகப் பொருந்தும் ஒரு பேன்ட்டைத் தரையில் தட்டையாக விரித்து மூன்று அளவு எடுத்து வையுங்கள்: கவட்டைத் தையலிலிருந்து முன் இடுப்புப் பட்டியின் மேல்விளிம்பு வரை (முன் உயரம்), தொடையின் அகலம், கால் விளிம்பின் அகலம். நடுத்தர அளவுகளில், தட்டையாக வைத்துப் பார்க்கும்போது, கால் விளிம்பு 13 முதல் 15 செ.மீ. என்றால் ஒட்டியது, 18 முதல் 20 என்றால் நேர்க்கால், 25க்கு மேல் அகலம். முன் உயரம் 20ஐ ஒட்டி இருந்தால் இடுப்புக்குக் கீழே உட்காரும், 28ஐத் தாண்டினால் தொப்புளை எட்டும். இணையத்தில் ‘ரிலாக்ஸ்ட்’, ‘பேகி’ என்ற பெயர்களுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் பொருள் மாறும், சென்டிமீட்டர் மாறாது.

தையல்காரரால் எது முடியும் என்பதும் இதோடு சேர்ந்தது. அகலத்தைக் குறைப்பது எளிது. கூட்டுவது உள்ளே விட்டிருக்கும் தையல் ஓரத்தைப் பொறுத்தது. ஆயத்த ஆடைகளில் பெரும்பாலும் 1 செ.மீ. அளவே இருக்கும், ஓவர்லாக் அடித்துக் கத்தரித்திருந்தால் அதுவும் இராது. இரு பக்கமும் அரை அரை சென்டிமீட்டர் விட்டால் ஒரு தையலுக்கு 1 செ.மீ., காலின் இரண்டு தையலுக்குமாகச் சுற்றளவில் 2 செ.மீ. கிடைக்கும். அவ்வளவுதான். நீளத்தைக் குறைக்கலாம், கூட்ட வேண்டுமென்றால் அடிமடிப்பில் துணி இருக்க வேண்டும். தோளைச் சரிசெய்வது கையைக் கழற்றி மறுபடி பொருத்தும் வேலை, செலவு அதிகம், முடிவும் நிச்சயமில்லை. முன் உயரத்தை அநேகமாகத் தொடவே முடியாது. எனவே தோளும் முன் உயரமும் சரியாக இருப்பதை வாங்குங்கள், மற்றவை கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும்.

அடுத்தது துணி. ட்ரெண்ட் எழுத்து ஏறக்குறைய முழுசாக விட்டுவிடுவது இதைத்தான், உடை தோற்பது பெரும்பாலும் இங்கேதான். அகலக் கால் பேன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ராம்ப்பில் அது நீர் விழுவதுபோல் விழக் காரணம் எடை. சதுர மீட்டருக்கு 240 முதல் 300 கிராம் இருக்கும் துணி தன் பாரத்தால் நேராக இறங்கும். அதே வெட்டை 150 கிராம் பாலியெஸ்டரில் தைத்தால் நடக்கும்போது காலோடு ஒட்டும், உராய்வில் மின்னேற்றம் சேர்ந்து இன்னும் ஒட்டும். ‘எனக்கு அகலக் கால் பொருந்தாது’ என்று பலர் முடிவுகட்டுவது துணியின் குற்றத்தை உடம்பின் மேல் போடுவதால்.

ஓவர்சைஸ் சட்டையிலும் இதே கதை. அது ஒரு தனி வெட்டு. தோள்கோட்டை நீட்டி, கைக்குழியை ஆழமாக்கி, கையின் மேல்வளைவைத் தட்டையாக்கி, கையைக் குட்டையாக்கி, கழுத்தை மட்டும் பழைய அளவிலேயே விட்டு பேட்டர்ன் போடுவார்கள். இரண்டு சைஸ் பெரிய சாதாரணச் சட்டை வாங்கினால் கழுத்து வாய்பிளக்கும், கை விரல் மூட்டைத் தாண்டும், கைக்குழி சரியான இடத்தில் விழாது. வாங்குமுன் கழுத்துச் சுற்றளவை உங்கள் வழக்கமான சட்டையோடு ஒப்பிடுங்கள். அது ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் உண்மையான ஓவர்சைஸ் வெட்டு.

சாய்வு வெட்டில் தைக்கும், மெல்லிய பட்டியில் தோளில் தொங்கும் ஸ்லிப் உடைகள் ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் ஏமாற்றம் கூடவே வருகிறது. துணியின் இழைக்கு 45 டிகிரியில் வெட்டினால்தான் அது உடம்போடு குழைந்து போகும். அப்படி வெட்டத் துணி அதிகம் செலவாகும். மிச்சம் பிடிக்கக் கோணத்தைச் சற்றுத் திருப்பி வெட்டும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் வெவ்வேறாக நீளும்; அணிந்து அரை நாளில் பக்கத் தையல் முன்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். தைத்த உடையை ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட்டுத் துணி இறங்கிய பிறகே அடிமடிப்பு வெட்ட வேண்டும். அவசரத்தில் அந்த ஒரு நாள் போய்விடும், அடி விளிம்பு கோணலாகும். ஹாங்கரில் தொங்கும்போதே பக்கத் தையல் செங்குத்தாக இறங்குகிறதா, விளிம்பு ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

குவைட் லக்ஷுரி என்று அழைக்கப்பட்ட அலங்காரமற்ற உடைகளுக்கு வருவோம். மலிவில் நகலெடுக்க மிகவும் கடினமானவை இவைதான். அச்சோ மணியோ பளபளப்போ இருந்தால் கண் அங்கே போய்விடும். ஒன்றுமே இல்லாத வெள்ளைச் சட்டையில் தையலும் துணியும் மட்டுமே பார்வைக்கு. நல்ல சட்டையில் ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையலோ அதற்கு மேலோ இருக்கும்; ஏழு எட்டு என்றால் அவசரத் தைப்பு, தையலின் இரு பக்கமும் சுருங்கி நிற்கும். சில மாதத்துக்கு மட்டும் ஓர் உடை வேண்டுமென்றால் அச்சிட்ட மலிவு உடை எளிய மலிவு உடையைவிட நன்றாகவே தோற்றமளிக்கும். இதை எந்த ட்ரெண்ட் பட்டியலும் சொல்லாது.

கடையில் இரண்டு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனைகள் சில. டி-ஷர்ட்டை நடுவே நீளவாக்கில் மடித்து இரு பக்கத் தையலும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா பாருங்கள். பின்னல் துணி நூலின் முறுக்கால் சாய்வது இயல்பு. ஆலை அதைச் சரியாக அடக்காவிட்டால் இரண்டாவது துவைப்பில் பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிடும். 140 முதல் 160 கிராம் துணி வெயிலுக்கு இதம், ஆனால் உள்ளாடை தெரியும். வடிவம் நிற்க 180க்கு மேல் வேண்டும். நீட்சித் துணியைப் பத்து விநாடி இழுத்துப் பிடித்து விடுங்கள். உடனே திரும்பாவிட்டால் முட்டி ஒரே வாரத்தில் தொங்கும். பாலியெஸ்டர் கலந்த ஸ்வெட்டரின் உட்பக்கத்தை விரலால் அழுத்தி இருபது முறை தேயுங்கள். பஞ்சு எழுந்தால் சீக்கிரமே உருண்டை கட்டும். இயற்கை நாரிலும் உருண்டை வரும், ஆனால் நார் பலவீனம் என்பதால் தானாக உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் நார் வலுவானது, உருண்டையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். விஸ்கோஸ் (ரேயான்) ஈரமானால் வலுவிழக்கும், சுருங்கும். அகலக் கோடு போட்ட துணியில் பக்கத் தையலில் கோடுகள் சேர்கின்றனவா என்பது ஒன்றே தைத்தவர் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று காட்டிவிடும்.

ஒரு ட்ரெண்ட் மனதுக்குப் பிடித்துவிட்டால் அதை அடக்கிக்கொள்ளத் தேவையில்லை. அது உருவமா, நிறமா, துணியா, சிறு விவரமா என்று பிரித்து, பிடித்தது எது என்று பாருங்கள். நிறம் என்றால் அலமாரியில் அதே நிறத்துக்கு அருகில் ஏதாவது இருக்கும்; இரண்டு வாரம் அதை அணிந்து பாருங்கள். உருவம் என்றால் மேலே சொன்ன அளவுகளோடு கடைக்குப் போங்கள். ஓர் உடையின் விலையை அணியும் தடவையால் வகுத்துப் பார்க்கும் கணக்கு பிரபலம். அதில் பிழை வரும் இடம் தடவைகளை ஊகிப்பது. எல்லோரும் அதிகமாகவே ஊகிக்கிறார்கள். உங்களிடம் ஏற்கெனவே உள்ள, அதற்கு மிக நெருங்கிய உடையைக் கடந்த ஓராண்டில் எத்தனை முறை அணிந்தீர்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணைப் போட்டு வகுங்கள்.

போய்விட்டதாகச் சொல்லப்படும் உடைகளை என்ன செய்வது என்பதற்கும் விடை உண்டு. ஆங்கிலேய ஆடை வரலாற்றாளர் ஜேம்ஸ் லேவர் 1937இல் ஒரு கால அட்டவணை போட்டார். அவர் கணக்கில் ஓர் உடை தன் காலம் முடிந்து ஓராண்டில் சோபையிழக்கும், 10 ஆண்டில் அருவருப்பாகத் தோன்றும், 20இல் கேலிக்குரியதாகும், 30இல் வேடிக்கையாகும், 70இல் மனம் கவரும், 150இல் அழகாகிவிடும். இன்றைய சுழற்சி இதைவிட வேகம். ஆனாலும் பத்தாண்டுப் பழையதைப் பார்த்து வரும் வெறுப்பு தற்காலிகம் என்ற கவனிப்பு இன்றும் சரியே. அதனால் நல்ல உடைகளை அந்தக் கட்டத்தில் தூக்கி எறியாதீர்கள். எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று தெரிந்து வையுங்கள். பருத்தி, லினன், கம்பளி, பட்டு காத்திருக்கும். பாலியூரிதேன் பூசிய செயற்கைத் தோல் காற்றின் ஈரத்தில் சிதைந்து, அணியாமல் வைத்திருந்தாலும் சில ஆண்டில் செதிலாக உரியும். அதே வகை நுரையில் செய்த ஷூ அடிகள் பொடிந்துபோகும். துணிக்கு நீட்சி தரும் எலாஸ்டேன் இழை தன் இழுவிசையை இழக்கும். உள்ளே வைக்குமுன் துவைத்தே ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வியர்வைக் கறை மாதங்கள் கழித்து மஞ்சளாகும், கம்பளி என்றால் பூச்சியின் புழுக்களை அழைக்கும். பின்னலாடையை மடித்து வையுங்கள், தொங்கவிட்டால் தோள் கூம்பிவிடும்.

ராம்ப் படங்களை நேரடியாகப் பார்க்க வேண்டும் என்று ஆசையிருந்தால், குரோபர் செய்ததையே சிறிய அளவில் செய்யலாம். முழுக் காட்சியின் படங்களும் இணையத்தில் வரிசை எண்ணோடு கிடைக்கும், பெரும்பாலும் 40 முதல் 60 உடை. ஒவ்வொன்றுக்கும் தோள், இடுப்பின் இடம், விளிம்பின் இடம் என்ற மூன்றை மட்டும் குறியுங்கள். எந்த வெட்டு வெவ்வேறு துணியில் திரும்பத் திரும்ப வருகிறதோ அதைத்தான் அந்த நிறுவனம் விற்க நினைக்கிறது. ஒருமுறை மட்டும் வரும் விசித்திர உடை படத்துக்காக. பத்து நிறுவனங்களுக்கு இதைச் செய்து, மூன்று ஆண்டு முந்தைய அதே சீசனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இடைப்பட்ட சீசனுக்கான ரிசார்ட், ப்ரீ-ஃபால் கலெக்‌ஷன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதழ்கள் அவற்றுக்கு இடம் குறைவாகத் தருகின்றன, ஆனால் கடையில் அதிக நாள் தொங்குவதும் அன்றாடம் அணியக்கூடியதும் அவற்றில்தான் இருக்கும்.